மர்மோலாதா, 2022 ஜூலை 3: பனிக்குள் தேங்கிய நீர்

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 1.45 மணியை ஒட்டி, வடகிழக்கு இத்தாலியின் மர்மோலாதா மலையில் புந்தா ரோக்கா என்ற சிகரத்துக்குக் கீழே, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்த பனித்திரள் ஒன்று அடியோடு கழன்றது. 60,000 முதல் 70,000 கன மீட்டர் பனி, அதனோடு உருகுநீர், வழியில் அள்ளிக்கொண்ட கல், சேறு. எல்லாம் சேர்ந்து பெருஞ்சரிவாக இறங்கி, உச்சிக்குப் போகும் வழக்கமான பாதையைக் குறுக்காக அடித்துக்கொண்டு போனது. அந்நேரம் அந்தப் பாதையில் ஆட்கள் இருந்தார்கள். பதினோரு பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் இத்தாலியர், இரண்டு பேர் செக் நாட்டவர். ஏழெட்டுப் பேர் காயத்தோடு பிழைத்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் தொழில்முறை மலை வழிகாட்டிகள்.

வழிகாட்டிகளும் இறந்தார்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. விபத்து நடந்த அன்று மாலையிலிருந்தே, “மத்தியானம் ஒன்றே முக்காலுக்குப் பனியாற்றில் என்ன வேலை?” என்ற கேள்வி எல்லா இடத்திலும் கேட்டது. ஆல்ப்ஸ் மலையேற்றத்தின் பழைய ஒழுங்கு ஒன்றிலிருந்து வரும் கேள்வி அது. விடியுமுன் கிளம்பு, வெயில் ஏறுமுன் பனியை விட்டு இறங்கு. அந்த ஒழுங்கு தவறானதல்ல. ஆனால் அன்று மர்மோலாதாவில் கழன்றது அந்த ஒழுங்கு எந்த ஆபத்துக்காக ஏற்பட்டதோ அந்த வகை ஆபத்து அல்ல என்பது என் கருத்து. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். டோலமைட்ஸ் மலைத்தொடரிலேயே உயரமானது மர்மோலாதா. அதன் உச்சி புந்தா பெனியா, 3,343 மீட்டர். ட்ரெண்டினோ, வெனெட்டோ என்ற இரண்டு பகுதிகளின் எல்லை இந்த மலைமேல் ஓடுகிறது. தெற்குப் பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர், பாறையேறிகளின் உலகம். வடக்குப் பக்கம் சாய்ந்த கூரை மாதிரி ஃபெதாயா ஏரியை நோக்கி இறங்கும் சரிவு. பனியாறு இருப்பது இந்த வடக்குச் சரிவில். 1864-இல் ஆஸ்திரியரான பால் குரோமான், ஏஞ்சலோ டிமாய், ஃபுல்ஜென்சியோ டிமாய் என்ற இரு வழிகாட்டிகளோடு முதன்முதலாக உச்சியை எட்டியதும் வடக்குப் பக்கமாகத்தான்.

இன்றைய வழக்கமான பாதை ஏரிக்கரையில், சுமார் 2,050 மீட்டரில் தொடங்குகிறது. கார் அதுவரை போகும். அங்கிருந்து பியான் டெய் ஃபியாக்கோனி என்ற மேடைக்கு நடை. அது 2,600 மீட்டருக்குச் சற்று மேல். பிறகு பனியாறு. அதைக் கடந்ததும் இரும்புக் கம்பி பொருத்திய பாறைப் படி ஒன்று. அதற்கு மேலே “கோவேறு கழுதையின் முதுகு” என்ற பொருள்படும் பெயர் கொண்ட பனி மேடு, அதன் முடிவில் உச்சி. உச்சியில் சின்னதாக ஒரு குடில், உள்ளே காப்பி கிடைக்கும். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 1,300 மீட்டர். உடல் திடமுள்ளவர் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

வார இறுதி மலையேறிகளுக்கு இதைவிடத் தோதான மலை அந்தப் பக்கத்தில் இல்லை. பாதுவா, விச்சென்சா, வெரோனா போன்ற ஊர்களிலிருந்து சில மணி நேரக் கார் பயணம். சனிக்கிழமை இரவு வந்து தங்கி, ஞாயிறு ஏறி, இரவுக்குள் வீடு திரும்பி, திங்கள் வேலைக்குப் போய்விடலாம். மலைச்சங்கங்கள் புதியவர்களுக்குப் பனியாற்று நடையைக் கற்றுக்கொடுக்க அழைத்து வருவதும் இந்த மாதிரி மலைகளுக்குத்தான். முதன்முறை கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) கட்டிக்கொள்பவருக்கும் ஏறத்தகுந்த சரிவு, மேலே போனால் டோலமைட்ஸின் ஆக உயர்ந்த புள்ளி. அந்தப் பாதையில் போகிறவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று சொல்ல முடியாது.

முன்பு ஏரிக்கரையிலிருந்து பியான் டெய் ஃபியாக்கோனி வரை நின்றபடியே ஏறிப்போகும் கூடை லிஃப்ட் ஒன்று இருந்தது. 2019-இல் அது நின்றுபோனது. மேலே இருந்த குடிலை 2020 டிசம்பரில் ஒரு பனிச்சரிவு அடித்து நொறுக்கியது. லிஃப்ட் இல்லாததால் முதல் 600 மீட்டரையும் காலால் ஏற வேண்டும். குடில் இல்லாததால் முன்போல அங்கே இரவு தங்கவும் வழியில்லை. ஆக, ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் பழைய நாட்களைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாமதமாகப் பனியை மிதிப்பார். அதே தாமதத்தோடு இறங்குவார். “மத்தியானம் அங்கே என்ன வேலை” என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பனியாற்றைக் கடப்பவர்கள் கையில் என்ன இருக்கும்? காலில் கிராம்பான், கையில் பனிக்கோடரி, இடுப்பில் கயிற்றை மாட்டும் பட்டையான ஹார்னஸ், தலையில் ஹெல்மெட். மூன்று நான்கு பேர் ஒரே கயிற்றில், ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் போல இடைவெளி விட்டு நடப்பார்கள். அந்தக் கயிறு பனிப்பிளவுக்காக. பனியாறு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மேடுபள்ளமான பாறைமேல் நகரும்போது பனி வெடித்துப் பிளவுகள் உண்டாகும். அவற்றின் வாயைப் புதுப்பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகிறவர் உள்ளே விழுந்தால் பின்னால் இருப்பவர்கள் கோடரியைக் குத்தி, உடம்பைச் சாய்த்து, கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இது காலடியில் இருக்கும் ஆபத்துக்கான ஏற்பாடு. தலைக்கு மேலிருந்து வருவதற்குக் கயிற்றால் ஒன்றும் செய்ய இயலாது. சேர்ந்து கட்டியிருப்பவர்களைச் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும்.

விடியுமுன் கிளம்பும் ஒழுங்கும் காலடி ஆபத்துக்கானதே. இரவில் மேற்பனி இறுகும். பிளவின் வாயை மூடிய பனிப்பாலம் விடியற்காலையில் ஆளைத் தாங்கும். பதினோரு மணிக்குத் தாங்காது. பாறை இடுக்குகளில் உறைந்து கற்களைப் பிடித்துவைத்திருக்கும் பனியும் வெயில் ஏறினால் கைவிட்டுவிடும், கல் உருளும். இவை தினமும் மாறும் ஆபத்துகள். ராத்திரி குறையும், பகலில் கூடும். கடிகாரம் பார்த்து நடந்தால் தப்பலாம்.

புந்தா ரோக்காவுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது வேறு. அது வாரக்கணக்கில் சேர்ந்த சங்கதி.

2021–22 குளிர்காலத்தில் தெற்கு ஆல்ப்ஸில் பனி மிகக் குறைவாகவே பெய்தது. பழைய பனியாற்றின் மேல் வெள்ளையாகக் கிடக்கும் அந்த வருடப் பனிதான் கோடை வெயிலைத் திருப்பி அனுப்பும் போர்வை. போர்வை மெலிந்திருந்தது. போதாததற்கு மார்ச் நடுவில் சஹாராவிலிருந்து கிளம்பிய தூசி ஆல்ப்ஸ் முழுக்கப் படிந்து வெள்ளையைப் பழுப்பாக்கியது. பழுப்புப் பனி வெயிலை அதிகம் உறிஞ்சும். மே மாதமே வெப்பம், ஜூனில் வெப்ப அலை. காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் மலையுச்சிக்கு வெகு மேலே ஏறி நாட்கணக்கில் அங்கேயே நின்றது. விபத்துக்கு முந்தைய நாள் மர்மோலாதா உச்சியில் 10 டிகிரி செல்சியஸ் பதிவானது. மேலே போய்வந்தவர்கள் பனிமேல் ஓடை ஓடையாக நீர் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஓடையாக வெளியே வழிந்த நீரால் பெரிய கேடில்லை. வெளியேறாத நீர்தான் கேடு. கழன்ற துண்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு பெரிய பிளவு இருந்தது. முந்தைய ஆண்டுகளின் படங்களிலேயே அது தெரிகிறது. உருகுநீர் அதற்குள் இறங்கியது. கீழே வடிகால் இருந்திருந்தால் வந்த நீர் வந்தபடி போயிருக்கும். அடியில் வழி அடைபட்டிருந்தாலோ, வரத்து வடிகாலை மிஞ்சினாலோ, பிளவு தொட்டியாகிவிடும்.

அந்தத் தொட்டியின் பலத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. எண் எனது கற்பனை, இயற்பியல் பள்ளிப் பாடம். பிளவில் 20 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 20 டன் அழுத்தம். மேலிருந்து கீழ்வரை கூட்டினால், பிளவின் நீளத்தில் மீட்டருக்கு 200 டன் பக்கவாட்டுத் தள்ளு. ஆழம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்கு. இது பனியை முன்னே தள்ளுகிறது. இன்னொரு பக்கம், நீர் பனிக்கும் பாறைக்கும் நடுவே பரவி, பனியின் எடையில் ஒரு பங்கைத் தானே தூக்கிக்கொள்கிறது. பாறையை அழுத்தும் எடை குறைந்தால் உராய்வும் குறைகிறது. இந்த இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால் போதும், வேறு எந்தத் தூண்டுதலும் வேண்டியதில்லை.

பாறையும் ஒத்துழைத்தது. வடக்குச் சரிவு வழவழப்பான சுண்ணாம்புப் பாறை, செங்குத்தான சாய்வு. ஒரு காலத்தில் அந்தத் துண்டு பெரிய பனியாற்றின் பகுதியாக இருந்தது. கீழே இருந்த பனி அதைத் தாங்கிப் பிடித்தது. மர்மோலாதா பனியாறு 2004-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் கன அளவில் சுமார் 30 சதவீதத்தையும் பரப்பில் சுமார் 22 சதவீதத்தையும் இழந்ததாக அளவீடுகள் சொல்கின்றன. சுருங்கச் சுருங்க அது துண்டுகளாகப் பிரிந்தது. புந்தா ரோக்காவின் கீழே நின்ற துண்டு தாய்ப் பனியாற்றிலிருந்து விலகி, கீழே முட்டுக் கொடுக்க எதுவுமின்றிச் சரிவில் தனியே நின்றது. பழைய குளிர் இருந்தவரை அடியில் பனி பாறையோடு உறைந்து ஒட்டியிருக்க முடியும். அடிப்பனி உருகுநிலையைத் தொட்டபின் அந்த ஒட்டும் போய்விடும்.

இது ஆல்ப்ஸுக்குப் புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் ஆல்டெல்ஸ் மலையில் 1895 செப்டம்பர் 11 அன்று இதே வகையில், இதைவிடப் பன்மடங்கு பெரிய பனித்திரள் கழன்றது. நாற்பது லட்சம் கன மீட்டருக்கு மேல். அங்கேயும் அடியில் வழவழப்பான சுண்ணாம்புப் பாறை. கீழே மேய்ச்சல் நிலத்தில் இருந்த ஆறு பேரும் 150-க்கு மேற்பட்ட மாடுகளும் மாண்டுபோயின. ஆல்பர்ட் ஹைம் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, வெப்பம் பனியின் அடிப்பிடிப்பை இளக்கியதையே காரணமாகச் சொன்னார். அது விழுந்த நேரம் விடியற்காலை ஐந்து மணி. கடிகார ஒழுங்கைக் கடைப்பிடித்து நல்ல பிள்ளையாக நடப்பவர் சரியாகப் பனியில் நிற்கும் நேரம் அது.

மர்மோலாதா பனி மத்தியானம் விழுந்ததால் “வெயில் ஏறியது, விழுந்தது” என்று கதை எளிதாக முடிந்துவிடுகிறது. பிற்பகலில் நீர் வரத்து அதிகம்; கடைசி லிட்டர் அப்போது சேர்ந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பிளவில் நின்ற நீர் இரவில் எங்கும் போகவில்லை, உறையவும் இல்லை. தெளிந்த இரவில் மேற்பரப்பு சற்று இறுகியிருக்கும், அவ்வளவே. காலை ஏழு மணிக்கு அதே இடத்தைக் கடந்தவர்களின் தலைக்கு மேலும் ஏறக்குறைய அதே தொட்டிதான் இருந்தது. அவர்கள் தப்பியதற்கு அதிகாலை எழுந்த ஒழுக்கத்தைக் காரணமாகச் சொல்வது அந்த ஒழுக்கத்துக்குத் தகுதிக்கு மீறிய பெருமை.

“மத்தியானம் அங்கே என்ன வேலை” என்ற கேள்வியில் ஒரு நியாயமும் உண்டு. ஆபத்துக்குக் கீழே ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது எப்போதும் முக்கியம். எப்போது விழும் என்று தெரியாத ஒன்றின் கீழே பத்து நிமிடம் இருப்பதும் நாற்பது நிமிடம் இருப்பதும் ஒன்றாகாது. பனி இளகினால் கால் புதையும், நடை தளரும், கீழே இருக்கும் நேரம் கூடும். அந்த வகையில் சீக்கிரம் கிளம்புவது உதவும். ஆனால் இது விழும் வாய்ப்பைக் குறைப்பதில்லை. விழும்போது நாம் அங்கே இருக்கும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஐந்து மணிக்குக் கிளம்பிய திருப்தியில் மேலே நிமிர்ந்து பார்க்காமலே போய்விடுவோம்.

கிழமையும் ஒரு காரணி. புதன்கிழமை மதியம் அந்தப் பனி விழுந்திருந்தால், பாதையில் இரண்டொருவர் இருந்திருக்கலாம், யாருமே இல்லாமலும் இருந்திருக்கலாம். விஷயம் பனியியல் இதழில் ஒரு கட்டுரையாக முடிந்திருக்கும். விழுந்தது ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறு, நீல வானம், நல்ல வானிலை அறிவிப்பு. வார இறுதிப் பயணத்தின் தேதியை மலை நிர்ணயிப்பதில்லை, அலுவலகம் நிர்ணயிக்கிறது. வழிகாட்டியை மூன்று வாரம் முன்பே பேசி வைத்திருப்பார்கள். சனிக்கிழமை மாலை எல்லாரும் பார்ப்பது மறுநாளைய வானிலையை: மழை உண்டா, இடி உண்டா, காற்று எப்படி. அன்று எதற்கும் “இல்லை” என்ற பதில்தான். கடந்த மூன்று வாரமாக இந்த மலைமேல் எத்தனை இரவு உறைந்தது என்ற கேள்வி வழக்கமான பட்டியலில் இல்லை. அதைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில் கவலைக்குரியது.

சரி, அந்தத் துண்டு கழலும் என்று யாராவது கண்டுபிடித்திருக்க முடியுமா?

கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு. 2017 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சாஸ்-குருண்ட் ஊருக்கு மேலே, வைஸ்மீஸ் மலையின் ட்ரிஃப்ட் பனியாற்றில் ஒரு பகுதி வேகமெடுப்பதை ரேடார் காட்டியது. 220 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் அதிகாலையில் பெரும்பகுதி விழுந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இத்தாலியில் மோன் பிளாங் பக்கம் பிளான்பென்சியூ பனியாற்றை வருடக்கணக்காகக் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். 2019-இலும் 2020-இலும் அதன் கீழுள்ள பள்ளத்தாக்குச் சாலையை மூடினார்கள். மர்மோலாதா விபத்துக்குப் பிறகு, 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தில் 300 பேரைப் பத்து நாள் முன்பே வெளியேற்றியதால், ஊரே புதைந்தபோது உயிரிழப்பு ஒன்றோடு நின்றது.

இந்த எல்லா இடங்களிலும் கீழே வீடோ சாலையோ இருக்கிறது. நிலையாக மனிதர் இருக்கும் இடத்துக்கு மேலே தொங்கும் பனிக்குத்தான் அரசு கருவி வாங்கித் தரும். மர்மோலாதாவின் அந்தத் துண்டுக்குக் கீழே இருந்தது ஒரு நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஊராகிவிடுகிறது என்பதை எந்த ஆபத்து வரைபடமும் கணக்கில் எடுக்கவில்லை.

கருவி இருந்திருந்தாலும் போதியிருக்குமா என்பதும் நிச்சயமில்லை. பாறையோடு உறைந்து ஒட்டிய குளிர்பனி உடைவதற்கு முன் படிப்படியாக வேகமெடுக்கும். அதை அளந்து, விழும் நாளை ஓரளவு சொல்லிவிட முடிகிறது. நீரழுத்தத்தால் கழலும் பனி அப்படி நிதானமாக முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. நீர் அளவு ஒரு வரம்பைத் தாண்டும்வரை எல்லாம் இயல்பாக இருக்கும், தாண்டிய பிறகு நேரம் இருக்காது. ஆக, தேதியைச் சொல்லியிருக்க முடியாது. “இந்த வாரம் அந்தப் பக்கம் வேண்டாம்” என்று சொல்லியிருக்க முடியுமா என்றால், முடியும் என்றே நினைக்கிறேன். மேலே பெரிய பிளவு, கீழே முட்டு இல்லாத துண்டு, வழவழப்பான சரிவு, வாரக்கணக்கில் உறையாத இரவுகள். தனித்தனியாக எல்லாமே யாரோ ஒருவருக்குத் தெரிந்தவைதான். நான்கையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கும் வேலை யாருடையதாகவும் இருக்கவில்லை.

விழுந்த பிறகு நடந்தவற்றில் ஒன்று குறிப்பிடத்தக்கது. மேலே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. பதிவேடு கிடையாது, டிக்கெட் கிடையாது. மீட்புக் குழுவினர் அடிவாரத்தில் யாரும் வந்து எடுக்காமல் நின்ற கார்களை எண்ணி, எண் பலகைகளைக் கொண்டு உரிமையாளர்களைத் தேடினார்கள். காணாமல் போனவர்களின் எண்ணிக்கை முதல் சில நாட்கள் ஏறி இறங்கியதற்கு இதுவே காரணம். மீதிப் பனியும் விழலாம் என்பதால் மீட்பாளர்களைச் சரிவில் நிறுத்த முடியவில்லை. ஹெலிகாப்டரிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் தேடினார்கள், பிறகு மோப்ப நாய்களோடு குறுகிய நேரம் இறங்கினார்கள். சிலரை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. அப்போதைய பிரதமர் மாரியோ திராகி மறுநாளே மலையடிவாரத்துக் கனாட்சேய் ஊருக்கு வந்தார். சுற்றுச்சூழலும் காலநிலையும் சீர்கெடுவதற்கும் இதற்கும் தொடர்புண்டு என்றார். அதுவரை இல்லாத ரேடார்கள் சில நாட்களில் மலையை நோக்கி நிறுத்தப்பட்டன, மீட்பாளர்களைக் காக்க.

ட்ரெண்டோ அரசு வழக்கறிஞர்கள் விசாரணை தொடங்கினார்கள். ஆரம்பத்திலிருந்தே அதில் முன்னின்ற சொல் “கணிக்க முடியாதது.” ஆல்ப்ஸ் நீதிமன்றங்களுக்கு அது பழகிய சொல். 1965 ஆகஸ்ட் 30 அன்று சுவிட்சர்லாந்தின் மட்மார்க் அணைக்கட்டுத் தளத்தில் அலலின் பனியாற்றின் நாக்கு உடைந்து விழுந்து 88 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களின் கொட்டகைகள் நேராகப் பனியாற்றின் கீழே இருந்தன. குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் 1972-இல் விடுவிக்கப்பட்டார்கள். விபத்து முன்கூட்டி அறிய முடியாதது என்றே முடிவானது. மட்மார்க்கையும் மர்மோலாதாவையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அங்கே கொட்டகைக்கு இடம் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை.

மர்மோலாதாவிலேயே இதற்கு முன் அப்படித் தேர்ந்தெடுத்த கதை ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் இந்தப் பனியாறு ஆஸ்திரிய, இத்தாலியப் படைகளுக்கு இடையிலான போர்முனை. லியோ ஹாண்டில் என்ற பொறியாளரின் திட்டத்தில் ஆஸ்திரியர்கள் பனிக்குள்ளேயே சுரங்கங்களும் தங்குமிடங்களுமாக ஒரு நகரத்தைக் குடைந்தார்கள். பனியாற்றின் ஓரத்தில் கிரான் போட்ஸ் என்ற இடத்தில் வீரர்களுக்கு மரக் கொட்டகைகள் இருந்தன. அங்கே இருந்த தளபதி ருடால்ஃப் ஷ்மிட், பனிச்சரிவு வரும், கொட்டகைகளை மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் ஏற்கவில்லை. 1916 டிசம்பர் 13 அன்று சரிவு வந்தது; சுமார் 270 பேர் இறந்தார்கள். அந்தப் பனி நகரம் உருகி மறைந்து நெடுங்காலமாகிறது. பனி பின்வாங்கும் இடங்களில் இன்றும் முள்கம்பியும் மரத்துண்டுகளும் வெளியே வருகின்றன.

2022 கோடையின் மிச்ச நாட்களில் ஆல்ப்ஸ் முழுவதும் பதற்றம். மேட்டர்ஹார்ன், மோன் பிளாங் போன்ற மலைகளின் வழக்கமான பாதைகளுக்கு ஆட்களை அழைத்துப் போவதை வழிகாட்டிகள் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். எச்சரிக்கையையும் மீறி மோன் பிளாங் ஏறுகிறவர்களிடம் மீட்புச் செலவுக்கு 10,000 யூரோ, இறுதிச் சடங்குக்கு 5,000 யூரோ என முன்பணம் கேட்கப்போவதாக பிரான்சின் சான்-ஜெர்வே நகர மேயர் அறிவித்தார். சட்டப்படி அது எடுபடுமா என்பது ஒருபுறமிருக்க, செய்தியாக நன்றாக எடுபட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வழிகாட்டிகளின் முடிவு. அவர்களுக்கு அது வருமானம். வானம் நீலமாக இருந்த நாட்களில், மலையின் நிலையை மட்டும் பார்த்து அவர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள்.

மர்மோலாதாவின் வடக்குப் பக்கத்தை மேயர் உத்தரவால் மூடினார்கள், விபத்துக்குப் பிறகு. ஜூலை 2, சனிக்கிழமையே அப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் ஃபெதாயா ஏரிக்கரையில் என்ன நடந்திருக்கும்? மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்த மேயரைப் பாதிப் பேர் திட்டியிருப்பார்கள். சிலர் பலகையைச் சுற்றிக்கொண்டு ஏறியும் இருப்பார்கள். வழிகாட்டிகளோடு வந்த குழுக்கள் வேறு மலைக்குப் போயிருக்கும். மூடிய பாதையில் ஆளைக் கூட்டிப் போனால் அவர்களின் பொறுப்பே கேள்விக்குள்ளாகும். இறந்தவர்களில் வழிகாட்டிகளும் அவர்களோடு கயிற்றில் இருந்தவர்களும் உண்டு என்பதால், அந்த அரைகுறை உத்தரவேகூட எண்ணிக்கையை மாற்றியிருக்கும்.